மேடையிலிருந்து திரைக்கு: 'எதிர்நீச்சல்'

கே. பாலசந்தர் தன் நாடகத்தையே 1968-ல் படமாக்கினார். ஒரே ஒண்டுக்குடித்தன வீடு, அதில் பல குடும்பங்கள், நடுவே மாடிப்படிக்கடியில் ஒதுங்கி வாழும் அனாதை மாது (நாகேஷ்). நாடகத்தைப் படமாக்குபவர்கள் வழுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: மேடையில் சொல்ல மட்டுமே முடிந்ததையெல்லாம் கேமராவில் காட்டத் துடிப்பார்கள், கற்பனைக்கு வேலையே இராது. இங்கே இருமல் தாத்தாவைப் பாருங்கள், இல்லை, கேளுங்கள். கேமரா அவர் அறைக்குள் தாராளமாக நுழையலாம், நுழைவதில்லை. கடைசிவரை இருமல் சத்தம் மட்டும்தான். ஆனாலும் அவர் முழுப் பாத்திரம். சௌகார் ஜானகியும் ஸ்ரீகாந்தும் பாடும் 'அடுத்தாத்து அம்புஜத்த' பாட்டோ, பாட்டு வடிவில் ஒரு நாடகக் காட்சியேதான். வசனம் கொஞ்சம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன்.