ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகும் ஆசிரியர்

ஓராண்டுக்குக் கையெழுத்திட்ட ஆசிரியர் அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு கூடுதல் சம்பளத்துக்கு வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டால், நிர்வாகம் அவரை நன்றி மறந்தவர் என்கிறது. சக ஆசிரியர்களோ துணிச்சல்காரர் என்று மெச்சுகிறார்கள். இரண்டுமே எனக்கு மிகையாகப் படுகின்றன.

மனமில்லாத ஒருவரை வகுப்பறையில் நிறுத்திப் பாடம் நடத்தவைக்க நீதிமன்றங்கள் பொதுவாக முன்வருவதில்லை. 1852இல் இங்கிலாந்தில் தீர்ப்பான லம்லி எதிர் வாக்னர் வழக்கில், கூடுதல் ஊதியத்துக்காக வேறு அரங்குக்குப் போக முனைந்த பாடகியை அங்கே பாடக் கூடாது என்று தடுத்த நீதிபதி, முதல் அரங்கில் பாடியே தீர வேண்டும் என்று தம்மால் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் ஒப்புக்கொண்டார். எனவே பெரும்பாலும் எஞ்சுவது இழப்பீடு. அதிலும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்கு உட்பட்டு நியாயமானதைத்தான் கோரலாம். அசல் சான்றிதழ்களைப் பிணைபோலப் பிடித்துவைத்துக்கொள்ளும் நிர்வாகங்களை (இப்படிச் செய்பவர்களே விசுவாசத்தைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள்) என்னால் சிறிதும் ஆதரிக்க முடியவில்லை.

ஆயினும், பணத்தைக் கட்டிவிட்டால் கணக்கு முடிந்தது என்பதையும் நான் ஏற்கவில்லை. ஏனெனில் ஆண்டின் நடுவே ஆசிரியர் விலகும்போது ஏற்படும் இழப்பில் பெரும்பங்கு, அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத மாணவர்கள் தலையில்தான் விழுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சட்டம் இதைக் காலத்தால் அளக்கிறது: வகுப்புகள் தொடங்குவதற்கு 45 நாள்களுக்கு முன்பே ஒப்பந்த ஆசிரியர் தடையின்றி விலகிக்கொள்ளலாம், அதன் பிறகு பள்ளியின் இசைவோ தக்க காரணமோ இல்லாமல் விலகினால் அவருடைய ஆசிரியர் சான்றிதழின் மீதே நடவடிக்கை வரலாம். தண்டனை கடுமையானதுதான், ஆனால் விலகுவதைவிட விலகும் நேரமே முக்கியம் என்ற அதன் பார்வை எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆகவே, புதிய வேலைக்கு ஒப்புதல் தருவதற்கு முன்பே பழைய நிர்வாகத்திடம் விடுவிப்பு நாளைப் பேசி எழுத்தில் பெற்றுக்கொள்வதும், எந்தப் பாடம் எங்கே நிற்கிறது, எந்த மாணவர் எதில் தடுமாறுகிறார் என்பதை அடுத்து வருபவருக்கு எழுதிவைப்பதும் ஆசிரியரின் பொறுப்பு. புதிய பள்ளி அந்த அவகாசத்தைத் தர மறுத்து நாளையே வரச் சொன்னால், அங்கே இப்போது காலியாக இருக்கும் இடம் எப்படிக் காலியானது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.