குண்டு பட்டது 1864, செத்தது 1914

பாஸ்டன் வடக்கு ஸ்டேஷனில் ஏறினால் டவுன்ஈஸ்டர் ரயிலின் கடைசி நிறுத்தம் பிரன்ஸ்விக். மூன்றரை மணி நேரப் பயணம், பாதிக்கு மேல் காடும் சதுப்பும். மெய்ன் மாநிலத்துக்கு வருகிறவர்கள் கடலுக்கும் லாப்ஸ்டருக்கும் வருவார்கள். நான் போனது, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் ஒரு காலேஜ் வாத்தியார் வீட்டைப் பார்க்க. ஜோஷுவா லாரன்ஸ் சேம்பர்லைன். வடக்கும் தெற்கும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்குக்கூட இந்தப் பெயர் தெரிந்திருக்கும், ஒரு நாவலும் அதை வைத்து எடுத்த படமும் அவரைப் பெரிய ஹீரோ ஆக்கிவிட்டன. கெட்டிஸ்பர்க் சண்டையில் தோட்டா தீர்ந்ததும் துப்பாக்கிமுனைக் கத்தியோடு மலையிலிருந்து கீழே பாய்ந்த ஆள் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவர் எப்படிச் செத்தார் என்பதில்தான் ஆர்வம்.

ஸ்டேஷனிலிருந்து பொடிநடையாக வீட்டுக்குப் போய்விடலாம். எதிரே பழைய மரத் தேவாலயம், பக்கத்தில் அவருக்கு வெண்கலச் சிலை, அந்தப் பக்கம் அவர் படித்து, பாடம் நடத்தி, பிறகு தலைவராகவும் இருந்த போடன் கல்லூரி. மனுஷனுடைய வாழ்க்கையில் பாதி இந்த நாலு தெருவுக்குள்ளேயே நடந்திருக்கிறது. அந்தத் தேவாலயத்துப் பாதிரியாரின் வளர்ப்பு மகள் ஃபேன்னியைத்தான் 1855-இல் கட்டிக்கொண்டார்.

வீடு பார்க்க விசித்திரமாக இருக்கும், மேல்மாடி ஒரு காலத்தது, கீழ்த்தளம் வேறு காலத்தது. 1871-இல் கல்லூரித் தலைவர் ஆனதும் விருந்தாளிகளுக்கு இடம் போதாமல், நம்மூரில் ஜாக்கி வைத்து உயர்த்துவது மாதிரி, இருந்த வீட்டை அப்படியே மேலே தூக்கி அடியில் புதிதாக ஒரு தளம் கட்டியிருக்கிறார். அதற்கு நாலு வருடம் முன்னால்தான் அதே வீட்டை வேறு மனையிலிருந்து தெருமுனைக்கு நகர்த்தியிருந்தார். புகைபோக்கியில் சிவப்பில் ஒரு சிலுவை, அவர் இருந்த படைப்பிரிவின் சின்னம். வீட்டுக்குள் வருவதற்கு முன்பே இது யார் வீடு என்று தெரிந்துவிடும், தெரிய வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார். அடக்கமான ஆசாமி என்று சிலர் எழுதுகிறார்கள், அந்தச் சிலுவையைப் பார்த்த பிறகு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

1862-இல் அவர் போருக்குக் கிளம்பியதே ஒரு தினுசு. அலங்காரவியலும் மொழிகளும் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர், வயது 33. ஐரோப்பாவில் படிக்கப் போக இரண்டு வருட விடுப்பு கொடுத்தார்கள், அவர் நேராகப் பட்டாளத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். கர்னல் பதவியே தருகிறோம் என்றதற்கு, முதலில் தொழிலைக் கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு படி கீழே லெப்டினன்ட் கர்னலாக, வடக்குத் தரப்பின் 20-ஆவது மெய்ன் படைக்குப் போனார். அந்த டிசம்பரில் ஃப்ரெடெரிக்ஸ்பர்க்கில் ஒரு ராத்திரி முழுக்கப் பிணங்களை அரணாக வைத்துப் படுத்துக் கிடந்தார். அடுத்த ஜூலை 2, கெட்டிஸ்பர்க்கின் லிட்டில் ரவுண்ட் டாப் குன்று, அந்தக் கத்திப் பாய்ச்சல் நடந்த இடம். அதை விவரமாகச் சொல்ல ஆயிரம் இடம் இருக்கிறது, நான் தாண்டிப் போகிறேன்.

1864 ஜூன் 18, வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க் சண்டை. வலது இடுப்பில் நுழைந்த குண்டு மூத்திரப்பையையும் சிறுநீர்க் குழாயையும் கிழித்துக்கொண்டு குறுக்கே இடது இடுப்புவரை போயிருந்தது. விழுந்தால் பின்னால் வருகிறவர்கள் தயங்குவார்கள் என்று வாளைத் தரையில் ஊன்றி அதில் சாய்ந்து நின்றார், ரத்தம் போய் மயங்கிச் சரியும்வரை. அந்தக் காலத்தில் வயிற்றுக்குக் கீழே அப்படிக் குண்டு பட்டால் கணக்கு முடிந்தது. டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், வடக்குப் படைகளின் தலைமைத் தளபதி கிராண்ட் அவருக்கு அங்கேயே பிரிகேடியர் ஜெனரல் பதவி கொடுத்தார், சாகப்போகிறவருக்கு ஒரு மரியாதையாக. அவரே ஃபேன்னிக்கு விடைபெற்றுக் கடிதம் எழுதிவிட்டார். பத்திரிகையில் இரங்கல் செய்திகூட வந்தது. ஆனால் அவருடைய பழைய படையின் டாக்டர் ஏப்னர் ஷாவும் இன்னொரு டாக்டரும் விடாமல் உள்ளே தையல் போட்டார்கள், மனுஷர் பிழைத்தார்.

பிழைத்தது அரைகுறையாக. சிறுநீர் இறங்க வைத்த உலோகக் குழாயை நாள்கணக்கில் எடுக்காமல் விட்டதில் அந்த இடத்தில் இன்னொரு துளை விழுந்து, அது கடைசிவரை மூடவே இல்லை. கசிவு, சீழ், திரும்பத் திரும்பக் காய்ச்சல். இந்த உடம்போடு அதே நவம்பரில் படைக்குத் திரும்பினார். அடுத்த மார்ச்சில் இன்னொரு குண்டு, அது குதிரையின் கழுத்தைத் துளைத்து இவர் நெஞ்சுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்த பித்தளைச் சட்டமிட்ட குட்டிக் கண்ணாடியில் பட்டு விலகிப் போனது. மொத்தம் ஆறு காயம். 1865 ஏப்ரல் 12, அப்போமேட்டாக்ஸில் தெற்குப் படை ஆயுதத்தைக் கீழே வைக்க வரிசையாக வந்தபோது, தோற்றவர்களுக்கு மரியாதை செலுத்தச் சொல்லித் தன் ஆட்களுக்கு உத்தரவிட்டவர் இவர்தான். இதற்காக வடக்கே திட்டியவர்களும் உண்டு.

அப்புறம் நாலு முறை மெய்ன் கவர்னர், பன்னிரண்டு வருடம் கல்லூரித் தலைவர். வீட்டில் கண்ணாடிக்குள் இருந்த அவருடைய பூட்ஸ் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். முழங்கால்வரை வரும் தோல் பூட்ஸ், கணுக்காலில் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, இப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி. இதைப் போட்டுக்கொண்டு குதிரை ஏற அந்த இடுப்பு என்ன பாடுபட்டிருக்கும் என்றுதான் தோன்றியது.

கல்லூரியில் அவர் வாங்கிய அடி வேறு ரகம். மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி கட்டாயம் என்றார், சீருடையைச் சொந்தக் காசில் வாங்கவும் வேண்டும். 1874-இல் மூன்று வகுப்புகள் சேர்ந்து மாட்டோம் என்று நின்றுவிட்டன. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பி, பெற்றோருக்குக் கடிதம் போட்டு, அநேகமாக எல்லோரையும் திரும்ப வரவைத்தார். ஜெயித்தது அவர்தான், ஆனால் கொஞ்ச வருடத்தில் பயிற்சி கட்டாயம் என்பதே போய்விட்டது. இந்தக் கதையில் நான் பையன்கள் பக்கம்.

வீட்டிலும் சுமுகமில்லை. அவர் கவர்னர் ஆனதே ஃபேன்னிக்குப் பிடிக்கவில்லை. 1868-இல் விவாகரத்துப் பேச்சு வரை போனது, தன்னை அவர் அடிப்பதாக ஃபேன்னி சொல்லித் திரிகிறாள் என்று காதுக்கு வந்ததைப் பற்றி அவளுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. வீரர் புராணம் எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், முடிக்கக் கூடாது. எப்படியோ சேர்ந்தே இருந்தார்கள், கடைசியில் பார்வை போன ஃபேன்னி 1905-இல் இறந்தார்.

1883-இல் ஒரு அறுவை சிகிச்சை, அதே வருடம் பதவி விலகல். பிறகு ஃபுளோரிடாவில் நிலம், ரயில் என்று தொழில் பண்ணிப் பார்த்தார், ஒட்டவில்லை. 1900-இல் போர்ட்லண்ட் துறைமுகத்தில் ஒரு அரசு வேலை. 1913-இல் கெட்டிஸ்பர்க் ஐம்பதாம் ஆண்டுக்காக மே மாதம் வரை ஓடியாடி ஏற்பாடு செய்தவர், ஜூலையில் விழாவுக்குப் போக முடியாத அளவு படுத்துவிட்டார். 1914 பிப்ரவரி 24, போர்ட்லண்டில் மரணம், வயது 85. பழைய காயத்தில் சீழ் வைத்ததுதான் காரணம். அந்த நேரம் பக்கத்தில் இருந்த டாக்டர் யார் தெரியுமா? பீட்டர்ஸ்பர்க்கில் தையல் போட்ட அதே ஏப்னர் ஷா. போர் முடிந்து ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து அந்தப் போர்க் காயத்தில் செத்தவர், அப்படிச் செத்த கடைசி ஆள் இவர்தான் என்று பலர் சொல்கிறார்கள்.

கல்லறை பைன் குரோவ் மயானத்தில், வீட்டிலிருந்து பாத் ரோடு வழியாக நடந்தே போகலாம். தாழ்வான செந்நிறக் கிரானைட் கல், பெயரும் இரண்டு வருடங்களும் மட்டும். கவர்னர், ஜெனரல் எதுவும் இல்லை. கல்லின் மேல் வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போன ஒரு சென்ட் காசுகள், எல்லாம் லிங்கன் முகம் மேலே தெரிகிற மாதிரி.

கெட்டிஸ்பர்க்குக்காக 1893-இல் கொடுத்த, அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் என்ன ஆயிற்று என்பது தனிக் கதை. எங்கேயோ போனது போனதுதான் என்று விட்டிருந்தார்கள். மாசசூசெட்ஸில் டக்ஸ்பரி என்ற ஊரில் தேவாலய விற்பனையில் பழைய புத்தகம் வாங்கிய ஒருவர், அதன் பின்பக்கத்தில் ஏதோ இருக்கிறதே என்று பார்த்தால் இந்தப் பதக்கம்! 2013-இல் பெயர் சொல்லாமல் தபாலில் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். விற்றிருந்தால் நல்ல காசு.

போகிறவர்கள் கோடையிலோ இலையுதிர் காலத் தொடக்கத்திலோ போங்கள், குளிர்காலத்தில் வீடு மூடியிருக்கும். உள்ளே வழிகாட்டியோடுதான் விடுவார்கள், அதனால் நேரம் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுப்பது நல்லது.