எஞ்சின் அறைக் குறிப்புகள், டிசம்பர் 1942 – ஜனவரி 1943

டிசம்பர் 28, திங்கள்

டிரினிடாடை விட்டுப் புறப்பட்டாயிற்று. எண்ணெய்க் கப்பல்கள் மட்டும் ஒன்பது. காவலுக்கு ஹாவ்லாக் என்ற டெஸ்ட்ராயர் போர்க்கப்பல், அதோடு மூன்று கொர்வெட், அதாவது சிறிய காவல் கப்பல்கள். மேல்தளத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வேறெதுவும் வருவதாகத் தெரியவில்லை. இவ்வளவுதானா என்று சீஃபிடம், எங்கள் தலைமை எஞ்சினியரிடம், கேட்டால், "உனக்கு எஞ்சின் இருக்கிறது, அதைப் பார்" என்கிறார். சரி.

ஒன்பதில் நம் நார்வேக் கொடி மூன்று: ஆல்பர்ட் எல். எல்ஸ்வொர்த், மினிஸ்டர் வேடல், அப்புறம் நாங்கள். நோர்விக் பனாமா கொடி. நோர்விக்கில் இருக்கும் என் ஊர்க்காரனைப் பார்க்க முடியவில்லை. நியூயார்க் குளிரில் இரவல் வாங்கிய ஸ்வெட்டர் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. அம்மா பின்னியது. ஜிப்ரால்டரில் கழற்றி வாங்கிவிடுகிறேன்.

டாங்கில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதப் போவதில்லை.

டிசம்பர் 30

வெக்கை. இரவில் வெளிச்சம் கசியக் கூடாதென்று ஜன்னல்களையெல்லாம் இறுக்கி மூடிவிடுகிறார்கள். அறையில் மூச்சு முட்டுகிறது. பாதிப் பேர் மேல்தளத்தில் லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார்கள். பெட்ரோல் ஏற்றிய கப்பலில் அந்த ஜாக்கெட் தலையணைக்குத்தான் ஆகும் என்று போசன், தளத்து ஆட்களின் மேஸ்திரி, சொல்லிவிட்டுச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

டிசம்பர் 31

அம்மாவுக்கு எழுத வேண்டும். ஜெர்மன் பிடியில் இருக்கும் ஊருக்குச் செஞ்சிலுவைத் தாளில்தான் எழுதலாம், 25 சொற்களுக்கு மேல் கூடாது. கடல், கப்பல், ஊர் எதையும் சொல்லக் கூடாது. அம்மாவின் கடைசித் தாள் மாதக்கணக்கில் சுற்றி வந்து சேர்ந்தது. வேலி சாய்ந்துவிட்டதாம், தம்பி நலமாம், உருளைக்கிழங்கு சுமாராம். வேலியைப் பற்றி எழுத இடம் இருந்திருக்கிறது, இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று எழுத இடம் இல்லை. இல்லை, வேண்டுமென்றே விட்டிருப்பாள்.

என் முதல் முயற்சி: "நலம். நன்றாகச் சாப்பிடுகிறேன். வேலை இருக்கிறது. வேலியைத் தம்பி நிமிர்த்தட்டும்." மீதிச் சொற்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ரேடியோக்காரர் லண்டன் செய்தியைத் தாளில் எழுதி உணவறையில் ஒட்டினார். ஊரில் 1941-லேயே ரேடியோக்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். சொந்த நாட்டுச் செய்தி வீட்டில் இருப்பவளுக்கு இல்லை, நடுக்கடலில் எனக்குக் கிடைக்கிறது.

ஜனவரி 3, ஞாயிறு

எங்கள் வரிசையில் வந்த பிரிட்டிஷ் விஜிலன்ஸ் ஜெர்மன் நீர்மூழ்கி அடித்துப் போய்விட்டது. நான் கீழே இருந்தேன். முதலில் ஓர் அதிர்வு, பிறகு காவல் கப்பல்கள் நீர்மூழ்கிக்காகத் தண்ணீரில் போடும் ஆழ்வெடிகள். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே நின்று கேட்டால், பக்கத்துத் தகட்டிலேயே சம்மட்டி விழுவது போல இருக்கும். எத்தனை கேட்டாலும் உடம்பு பழகுவதில்லை. வாட்ச் முடிந்து மேலே வந்தபோது பின்னால் வானம் சிவந்திருந்தது. நாங்கள் நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்பதுதான் உத்தரவு, எனக்கும் தெரியும்.

ஜனவரி 4

எட்டு.

ஜனவரி 6

எதுவும் நடக்கவில்லை, அதனால் எல்லோருக்கும் எரிச்சல். சமையற்காரர் காபியைக் குறைத்துவிட்டார் என்று இரண்டு பேர் கைகலப்பு வரை போனார்கள். ஊரில் காபி என்று எதை வறுத்துக் குடிக்கிறார்களோ.

1940 ஏப்ரல் 9-ஐப் பற்றிப் பேச்சு வந்தது. நாட்டைப் பிடித்தவர்கள், ஜெர்மன் கைக்குப் போகும் துறைமுகங்களுக்கோ நடுநிலைத் துறைமுகங்களுக்கோ போங்கள் என்று ரேடியோவில் கட்டளையிட்டார்கள். வெளிக்கடலில் இருந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. அப்புறம் லண்டனில் நம் அரசு நோர்ட்ராஷிப் என்று ஒன்றை அமைத்து, ஆயிரத்துக்குப் பக்கத்தில் கப்பல்களை அதன் கீழ் கொண்டுவந்துவிட்டது. உலகத்திலேயே பெரிய கப்பல் கம்பெனி அதுதானாம். எங்கள் கையெழுத்தைக் கேட்டார்களா என்றான் எஞ்சின் அறையில் என்னோடு வேலை செய்யும் சின்னவன். கேட்டிருந்தால் போடமாட்டாயா என்றேன். யோசித்துவிட்டு, சம்பளத்தைப் பார்த்துச் சொல்வேன் என்றான். நல்ல பையன், தேறுவான்.

எஞ்சின் தண்டைத் தாங்கும் மூன்றாம் நம்பர் பேரிங் சூடாகிறது. புறங்கையை வைத்தால் ஐந்து எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருக்கிறது. எண்ணெயைக் கூட்டி விட்டேன். சீஃப் வந்து தன் புறங்கையையும் வைத்துப் பார்த்து, வேகத்தைக் குறைக்கலாமா என்று யோசித்துவிட்டு, வேண்டாம் என்றார். குறைத்தால் வரிசையில் பின்தங்குவோம். பின்தங்கினால் யாரும் காத்திருக்கப் போவதில்லை.

ஜனவரி 7

தாள், இரண்டாம் முயற்சி: "ஸ்வெட்டர் நன்றாக இருக்கிறது." பொய். அடித்துவிட்டேன்.

ஜனவரி 8, வெள்ளி

இரவு. எழுதக் கை நிற்கவில்லை. ஒல்டீனியாவும் எல்ஸ்வொர்த்தும். ஒன்றன்பின் ஒன்றாக.

ஜனவரி 9, சனி

விடியும் முன்பே மினிஸ்டர் வேடல். உடனே நோர்விக்.

நான் வாட்சில் இருந்தேன். மேலே என்ன நடக்கிறது என்று எஞ்சின் அறைக்கு யாரும் சொல்வதில்லை. மேலிருந்து வேகத்தைச் சொல்லும் டெலிகிராஃப் கருவியில் மணி அடித்தால் முள் எங்கே நிற்கிறதோ அதைச் செய்வோம். முள் முழு வேகத்தில் நின்றது, அசையவில்லை. சின்னவன் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நம்பர் பேரிங்கைப் பிடித்துப் பார் என்று அனுப்பினேன். திரும்பி வந்து சூடு என்றான். மறுபடி அனுப்பினேன். அப்படியே வாட்ச் முடியும்வரை அவனை அலைய விட்டேன்.

பிறகுதான் போசன் சொன்னார், பின்னால் இரண்டு கப்பல்கள் நின்றுவிட்டன, படகுகள் இறங்கின என்று. நோர்விக்கில் எத்தனை படகு என்று கேட்டேன். இருட்டில் யார் எண்ணினார்கள் என்றார். காவல் கப்பல்கள் ஆட்களை எடுத்துக்கொண்டு இருக்கிறதாம். எடுக்கிற நேரத்தில் எங்களுக்குக் காவல் யார்? எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். கப்பல் முழுக்க அப்படித்தான் நினைத்திருக்கும்.

தடித்த எண்ணெய் சட்டென்று பற்றாது என்கிறார்கள். ஆனால் அதில் விழுந்தவன் கண்ணிலும் தொண்டையிலும் போகும். நீந்தவே முடியாது. அவன் நன்றாக நீந்துவான். கல்தூண் பாலத்திலிருந்து குதிப்பவன். ஆனால் கம்பளி ஸ்வெட்டர் தண்ணீரைக் குடித்தால் என்ன கனம் கனக்கும். அதைப் போட்டிருக்கக் கூடாது. இந்த வெக்கையில் போட்டிருக்கமாட்டான். படகில் இறங்கும்போது போட்டிருப்பான். படகில் குளிரும், அங்கே போட்டுக்கொள்வதுதான் நல்லது.

சாயங்காலம் எம்பயர் லிட்டன்.

ஜனவரி 10, ஞாயிறு

மிஞ்சியது மூன்று: பிரிட்டிஷ் டொமினியன், கிளியோனா, நாங்கள். கேப்டன் கீழே வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். அவர் வராமல் இருந்திருக்கலாம். அதுவரை யாரும் பயப்படவில்லை என்று நடித்துக்கொண்டாவது இருந்தோம்.

ஜனவரி 11

டொமினியன் நேற்று இரவே போயிற்று. தீ.

தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. பேரிங் மட்டும் சூடு குறைந்திருக்கிறது, காரணம் சீஃபுக்கும் தெரியவில்லை.

ஜனவரி 13

துணைக்கு இன்னும் போர்க்கப்பல்கள் வந்துவிட்டன. இரண்டு எண்ணெய்க் கப்பலுக்கு இப்போது இவ்வளவு காவல். யாரையாவது கெட்ட வார்த்தையில் திட்ட வேண்டும் போல இருந்தது. சமையற்காரர்தான் கிடைத்தார், பாவம்.

ஜனவரி 14, வியாழன். ஜிப்ரால்டர்.

பாறை தெரிந்ததும் தளத்தில் யாரோ கத்தினார்கள். நான் ஏணியில் பாதி ஏறி, திரும்பி இறங்கிவிட்டேன். நங்கூரம் போட்டு எஞ்சினை நிறுத்தியதும் காது அடைத்துக்கொண்டது. பதினேழு நாள் சத்தம் போனதும் எல்லோரும் தேவையில்லாமல் உரக்கப் பேசுகிறோம்.

ஜனவரி 15

போசனுக்கு எங்கிருந்தோ செய்தி கிடைத்திருக்கிறது. எல்ஸ்வொர்த்தில் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். வேடலிலும் எல்லோரும். நோர்விக்கில் இரண்டு பேர் இல்லை. யார் யார் என்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது என்னிடம் சொல்லவில்லை. பெரிய கப்பல், நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும் இடத்தில் இரண்டு. கணக்கு எனக்குச் சாதகம்தான்.

கரைக்குப் போக முதலில் தளத்து ஆட்களுக்குத்தான் அனுமதி. எஞ்சின்காரர்கள் பம்பைப் பார்த்து முடித்த பிறகுதானாம். சரக்கு இறக்குவதற்கு முன்னால் பம்பு தயாராக இருக்க வேண்டும், அது நியாயம். சின்னவனைக் கூப்பிட்டு, நோர்விக் ஆட்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று கரைக்குப் போகிறவர்களிடம் விசாரிக்கச் சொன்னேன். பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். கையில் கிடைத்தது செஞ்சிலுவைத் தாள்தான், அதன் பின்பக்கத்தில்.

சீஃப் கூப்பிடுகிறார்