நாளைக்கு எத்தனை மணிக்கு

06.10.2024, ஞாயிறு

ராத்திரி 10.40க்குத்தான் எங்க ஜவுளிக்கடை குரூப்புல போட்டாங்க. நாளைக்குக் காலை 9 மணி டூட்டி. திங்கக்கிழமை உனக்கு லீவுன்னு போன வாரமே சொன்னாங்களேன்னு நான் நம்பி, கண் ஆஸ்பத்திரிக்கு வர்றதா சொல்லி வச்சிருந்தேன். அம்மா மாத்துச்சேலையை மடிச்சு மஞ்சப்பையில வச்சுட்டு உக்காந்திருக்காங்க. "போகட்டும் தாயி, கண்ணு எங்க ஓடியா போகப்போகுது"ன்னு சொல்லிட்டுப் பையைக் கொடியில மாட்டுனாங்க. ஆணியைக் கையால தடவிப் பாத்துத்தான் மாட்டுனாங்க.

09.10.2024, புதன்

இடது கெண்டைக்கால்ல நரம்பு பச்சையா முடிச்சுப் போட்ட மாதிரி எழும்பி நிக்குது. ராத்திரி சுவத்துல காலைத் தூக்கிப் போட்டுப் படுத்தாத்தான் உயிர் வருது. கடையில ரேக்கோட அடித்தட்டுல ஒரு காலை ஏத்தி வச்சுக்குவோம், கொஞ்ச நேரம் கழிச்சு மறுகாலு. எல்லாரும் அப்படித்தான். அந்த இடத்துல மட்டும் பலகையில பெயின்ட் தேஞ்சு வெளுத்துப்போயிருக்கு.

12.10.2024, சனி

நேத்து ஆயுத பூஜை. கத்திரி, முழக்கோல், பில் மிஷின், எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சோம். மூணாம் மாடி குடோனுக்கு என்னைய அனுப்பினாங்க. அங்க ஒரு மூலையில ஸ்டூல் ஒண்ணு மேல ஒண்ணா கவுத்து வச்சிருக்கு. எட்டு. பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்கல. அதுக்கும் பொட்டு வச்சுட்டு இறங்கினேன்.

14.10.2024, திங்கள்

தூக்கம் வரல. கடையில வேலை பாக்குறவங்களுக்கு இருக்குற சட்டத்தைப் போன்ல தேடிப் படிச்சேன். ஒரு தடவைக்கு மூணு தடவை படிச்சேன்.

1947ல போட்ட சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நாலு மணி நேரம் வேலை பாத்தா ஒரு மணி நேரம் ஓய்வு. வாரத்துக்கு ஒரு முழு நாள் லீவு. கூடுதலா வேலை வாங்குனா ரெட்டிப்புச் சம்பளம். எங்க அம்மா பொறக்குறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்காங்க.

2021ல அதுல 22-ஏ அப்படின்னு ஒரு பிரிவு சேத்திருக்காங்க. எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை போடணும், வேலைக்கு நடுவுல வாய்ப்புக் கிடைச்சா உக்கார விடணும், நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கக் கூடாது. இதுக்கு முன்னாடி கேரளாவுல 2018ல வந்துச்சு. கோழிக்கோட்டுல எங்களை மாதிரி கடையில நின்ன பொம்பளைங்கதான் வருசக்கணக்காப் போராடி வாங்கினாங்க. அவங்க கடையில பாத்ரூமுக்கும் சேத்துத்தான் போராடியிருக்காங்க. படிச்சப்ப எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. நான் காலைல வீட்டுல தண்ணி குடிக்காமக் கிளம்புறது ஏன்னு அவங்களுக்குத் தெரியும்.

அப்ப அந்த எட்டு ஸ்டூலும் எங்களுக்கு வாங்குனதுதான். யாராவது கேட்டு வந்தாக் காட்டுறதுக்கு.

17.10.2024, வியாழன்

நாளைக்கு 11ன்னு வந்துச்சு. அப்புறம் 9.30ன்னு வந்துச்சு.

20.10.2024, ஞாயிறு

கூட்டம் சொல்லி மாளாது. உசிலம்பட்டிப் பக்கம் இருந்து ஒரு குடும்பம், கல்யாணத்துக்கும் சேத்து எடுக்க வந்தாங்க. நாப்பது சேலைக்கு மேல விரிச்சிருப்பேன். கூட வந்த பாட்டி என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. "நீயும் செத்த உக்காந்து காட்டேன் ஆத்தா, நாங்க என்ன ஓடவா போறோம்"னு தன் ஸ்டூல்ல பாதியை ஒதுக்கிக் குடுத்துச்சு. உக்காந்தேன். அரை நிமிசம் இருக்கும். எங்க மாடியைப் பாத்துக்குற ப்ளோர் அண்ணன் ஒண்ணும் சொல்லல, மேல கேமராவைக் கண்ணால காட்டுனாரு. எந்திரிச்சுட்டேன்.

ராத்திரி கிளம்புறப்ப ஒரு பேப்பர்ல எல்லாப் பொம்பளைங்ககிட்டயும் கையெழுத்து. "இரவு 8 மணிக்கு மேல் பணிபுரிய எனக்கு முழு சம்மதம்." தேதி போடுற இடம் காலி. மேலூர்ப் பொண்ணு கேட்டுச்சு, "அக்கா, எந்தத் தேதிக்கு?" யாருக்கும் பதில் தெரியல. போட்டுக் குடுத்துட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுச்சு. நானும் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

22.10.2024, செவ்வாய்

பின்படியைப் பத்தி எழுதணும். ரெண்டு நாளா மண்டைக்குள்ள அதுதான் ஓடுது.

எங்க மாடிக்கு ரெண்டு வழி. முன்னாடி லிப்ட்டும் பெரிய படியும், பின்னாடி ஒராள் இறங்குற படி. தீபாவளிச் சரக்கு இறங்கினதுல இருந்து பின்படி முழுக்க பண்டல். சாக்குல தச்சு, மேல நீல மையில நம்பர் எழுதுனது. முதல்ல ஓரமா ஒரு வரிசை, இப்ப ரெண்டு வரிசை. இன்னைக்கு நான் இறங்கிப் பாத்தேன், பக்கவாட்டுல திரும்பித்தான் போக முடியுது. கீழ்க்கதவுல பூட்டு.

2020 நவம்பர் 14, தீபாவளி. இங்க மதுரையில விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவுல ஜவுளிக்கடை எரிஞ்சுச்சு. பழைய கட்டடம் இடிஞ்சு விழுந்து, அணைக்கப் போன தீயணைப்பு வீரருங்க ரெண்டு பேரு போய்ச் சேந்துட்டாங்க. ஊரெல்லாம் இனிப்புத் தின்ன நாள் அது. அந்தப் பக்கமா நடக்குறப்பல்லாம் எனக்கு நெஞ்சு பிசையும். கடை பூட்டியிருந்த நேரம் அது. எங்க மாடியில இப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எத்தனை சனம் நிக்குது? துணியும் அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் கவரும், ஒரு ஒயர் கருகுனாப் போதும். நான் இருபது பொம்பளைங்களோட அந்தப் படியில பக்கவாட்டுல திரும்பி இறங்குற மாதிரி நெனச்சுப் பாத்தேன். கடைசிப் படியில பூட்டு.

அம்மாவுக்குக் கண்ணுல பொரை முத்திருச்சாம். ஆபரேஷன் தேதி கேக்குறாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் வாரக்கணக்குல சொட்டு மருந்து, முதல்ல நாளைக்குப் பலதடவை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். யாரு விடுறது? நான் எத்தனை மணிக்கு வீட்டுல இருப்பேன்னு தெரிஞ்சாத்தானே பக்கத்து வீட்டு மதினிகிட்டயாச்சும் பகுதி நேரம் கேக்க முடியும்.

25.10.2024, வெள்ளி

மத்தியானம் மழை. அப்படி ஒரு மழையை நான் பாத்ததில்ல. வானம் பொத்துக்கிச்சு. செல்லூருல வீட்டுக்குள்ள தண்ணின்னு அம்மா போன். ப்ளோர் அண்ணன்கிட்டக் கேட்டேன். "கூட்டம் மழைக்கு உள்ளதான் நிக்குது, எட்டரைக்கு விட்டுர்றேன்"னாரு. விட்டது 10.15.

2022ல வந்த அரசாணையில இருக்கு: பத்துப் பேரும் அதுக்கு மேலயும் இருக்குற கடையில, பொம்பளைங்களை எட்டு மணிக்கு மேல வச்சுக்கிட்டா எழுதி வாங்கணும், பாதுகாப்புக் குடுக்கணும், ஷிப்ட் பாக்குறவங்களுக்கு வண்டி ஏற்பாடு பண்ணணும், வண்டி இருக்குன்னு வாசல்ல எழுதி ஒட்டணும். யார் யாருக்கு அன்னைக்கு லீவுன்னும் தினம் ஒட்டணும். எங்க வாசல்ல அறிவிப்பு இருக்கு. வண்டி இல்ல.

யானைக்கல் பாலம் தாண்டி ஷேர் ஆட்டோ நின்னுபோச்சு. பந்தல்குடி கால்வாய் எது, ரோடு எதுன்னு தெரியல. முழங்காலுக்கு மேல தண்ணி. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, முன்னாடி போன ஒரு பையனோட சைக்கிள் கேரியரைப் புடிச்சுக்கிட்டே நடந்தேன். அம்மா கட்டில் மேல காலை மடக்கி உக்காந்திருந்தாங்க, மஞ்சப்பையை மடியில வச்சுக்கிட்டு. இருட்டுல என் சத்தத்தை வச்சுத்தான் நான்னு கண்டுக்கிட்டாங்க.

26.10.2024, சனி

வீடு கழுவணும். காலை 9 டூட்டி. கிட்டத்தட்ட 10 செ.மீ. மழைன்னு பேப்பர்ல இருக்கு.

28.10.2024, திங்கள்

கேட்டுட்டேன். சத்தம் போடல. "அண்ணே, பின்படியில இருக்குற பண்டலை எடுக்கச் சொல்லுங்க. பூட்டுச் சாவி எங்க மாடியில ஒரு ஆணியில தொங்கணும்." அவரு காலும் வீங்கித்தான் இருக்கு, எனக்குத் தெரியும். ரொம்ப நேரம் பேசாம நின்னுட்டு, "மொதலாளி காதுக்குப் போகாம நானே பாக்குறேன்"னாரு. சாயங்காலம் ரெண்டு லோடுமேனைக் கூட்டியாந்து எடுத்தாரு. நாங்களும் ஆளுக்கு ஒண்ணு தூக்குனோம். தரையில பண்டல் இருந்த எடம் மட்டும் தூசியில்லாமச் சதுரம் சதுரமாத் தெரிஞ்சுச்சு. மேலூர்ப் பொண்ணு மேலயும் கீழயும் ரெண்டு தடவை ஓடிப் பாத்துச்சு.

ஸ்டூலைப் பத்தி அவரு வாயைத் தொறக்கல. லீவைப் பத்தியும்.

31.10.2024, வியாழன்

தீபாவளி. நேத்து ராத்திரி ஒண்ணரைக்கு வீடு. எண்ணெய் தேச்சுக் குளிக்கக்கூட எந்திரிக்க முடியல. அம்மாவே வந்து கால்ல எண்ணெயைத் தேச்சு விட்டாங்க. அந்த முடிச்சு மேல கை வந்ததும் நின்னுச்சு. ஒண்ணும் கேக்கல.

02.11.2024, சனி

மனு எழுதிட்டேன். தொழிலாளர் உதவி ஆய்வருக்கு ஒண்ணு, அதையே கலெக்டருக்கும் ஒண்ணு. இருக்கை, வேலை நேரம், வண்டி, தேதியில்லாத கையெழுத்து, பின்படி. நாலு பேரு கையெழுத்துப் போட்டிருக்கோம், இந்தத் தடவை தேதியோட. கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம் திங்கக்கிழமைதான்.

பின்படியில மறுபடியும் ரெண்டு பண்டல்.

03.11.2024, ஞாயிறு

10.50. "நாளை உனக்கு லீவு." அம்மா தூங்கிட்டாங்க, இருந்தாலும் எழுப்பிச் சொன்னேன்.

04.11.2024, திங்கள்

வெள்ளன ஆறு மணிக்கே கிளம்புறோம். ஆஸ்பத்திரி வரிசையில முதல்ல நின்னாத்தான் மத்தியானத்துக்குள்ள முடியும், அப்புறம் கலெக்டர் ஆபீஸ். மனு அம்மாவோட மஞ்சப்பையில இருக்கு, மாத்துச்சேலைக்கு அடியில.