தரையில் ஓடிய பார்பேரா

வடமேற்கு இத்தாலியின் பியெமோந்தே மாநிலத்தில், ஆல்பா நகரத்துக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் லாங்கே குன்றுகளில், ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான ஒயின் பண்ணையில் இரண்டு அறுவடைக் காலங்கள் வேலை பார்த்தேன். தாத்தா, அவருடைய மகள், மருமகன், பேரன் ஆகிய நால்வரும், குலை வெட்டக் கூலிக்கு வருபவர்களும், நிலவறையில் கையாளாக நானும் சேர்ந்ததுதான் அந்த நிறுவனம். எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை தொட்டி கழுவுவது. இரண்டாவது வேலை குழாய் கழுவுவது.

அந்தப் பண்ணையின் பெயரைச் சுமப்பது பரோலோ என்னும் சிவப்பு ஒயின். 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்த நெபியோலோ திராட்சையை மட்டும் கொண்டு செய்தால்தான் அந்தப் பெயரைப் போட முடியும். 1980 முதல் இத்தாலியின் மிக உயர்ந்த தரப் பிரிவில் அது இருக்கிறது. அறுவடை ஆண்டின் நவம்பர் முதல் தேதியிலிருந்து கணக்கிட்டுக் குறைந்தது 38 மாதங்கள் அதை வைத்திருக்க வேண்டும் என்பதும், அவற்றில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில் கழிய வேண்டும் என்பதும் விதி. ‘ரிசர்வா’ என்று ஒட்டுவதற்கு 62 மாதங்கள் ஆக வேண்டும். முதன்முதலாகக் கோப்பையில் ஊற்றித் தந்தபோது, இவ்வளவு பேர் பெற்ற ஒயினின் நிறம் இத்தனை வெளுப்பா என்றுதான் எனக்குத் தோன்றியது. கோப்பைக்குப் பின்னால் பிடித்த என் விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. பீப்பாயிலிருந்து எடுத்த இளம் ஒயினை ஒரு வாய் குடித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. பழுக்காத நாவற்பழத்தைக் கடித்தாற்போல் நாக்கும் ஈறும் இழுத்துக்கொண்டன. நெபியோலோவின் பலம் நிறத்தில் இல்லை, துவர்ப்பிலும் புளிப்பிலும் இருக்கிறது. அந்தத் துவர்ப்பு அடங்குவதற்குத்தான் அத்தனை மாதங்கள் தேவைப்படுகின்றன.

அந்தக் காத்திருப்புக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி, கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மகளைக் கவனித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நெபியோலோ மற்ற ரகங்களுக்கு முன்னால் துளிர்த்து, எல்லாவற்றுக்கும் பின்னால் பழுப்பது. அக்டோபர் மாதத்து மூடுபனியில்தான் அதை வெட்டுவோம். அதற்கு முன்பே வெட்டி முடிக்கும் டோல்செட்டோ, பார்பேரா என்னும் மற்ற இரண்டு ரகங்களின் ஒயின்கள் சீக்கிரம் குடிக்கத் தயாராகி, சீக்கிரம் விற்றுப்போகும். பீப்பாய்க்குள் பரோலோ தூங்கிக்கொண்டிருந்த காலத்தில் மின்கட்டணத்தையும் தக்கைக் கடைக்காரரின் பாக்கியையும் என் சம்பளத்தையும் கட்டியவை இந்த இரண்டும்தான். ஊர்க்காரர்களின் சாப்பாட்டு மேசையில் தினமும் இருப்பதும் இவைதான், ஆனால் வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகள் இவற்றைப் பற்றிக் கேட்பதே இல்லை.

அந்தப் பார்பேராவைத்தான் நான் தரையில் ஓடவிட்டேன். எஃகுத் தொட்டி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அடியில் தங்கிய வண்டலை விட்டுவிட்டுத் தெளிந்த ஒயினை மட்டும் மாற்றும் வேலை அது. ஏற்கும் தொட்டியின் கீழ் வால்வை முழுதாக மூடாமலே பம்பை முடுக்கிவிட்டு, அடுத்த அறைக்குக் குழாய் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது தாத்தா அங்கே குனிந்து வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். வாசனை மாடிப்படி வரை வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். அவருடைய செருப்பைச் சுற்றி ஊதா நுரை சாக்கடை வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

மகள் வந்து, “எத்தனை லிட்டர் போயிருக்கும்?” என்று கேட்டார். முப்பது இருக்கலாம் என்றேன். அவர் பதில் பேசாமல், இரண்டு தொட்டிகளின் பக்கத்திலும் உள்ள அளவுக் குழாய்களைப் பார்த்து, சுவரில் தொங்கிய அட்டவணையோடு ஒப்பிட்டுவிட்டு, 52 என்றார். அரசுக்குக் கணக்குக் காட்டும் நிலவறைப் பதிவேட்டில் அந்த 52 ஏறியது. கொட்டியது கைத்தவறு, முப்பது என்று சொன்னது அப்படியல்ல என்பது எனக்கும் தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது.

இந்த அளவுக்குக் கறார் எதற்கு என்பதை அன்றிரவுச் சாப்பாட்டின்போது தாத்தா சொன்னார். 1986-இல், இதே கூனியோ மாவட்டத்தில், போதையின் அளவைக் கூட்டிக் காட்டுவதற்காக மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து விற்றதில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் பார்வை இழந்தார்கள். அதில் எந்தத் தொடர்பும் இல்லாத ஒயின் பண்ணைகளுக்கும் அந்த ஆண்டு விற்பனை படுத்துவிட்டது. கலப்படத்தைக் கண்காணிக்கும் அரசு ஆய்வமைப்பும் அதே ஆண்டில்தான் தொடங்கப்பட்டது. ஆய்வாளர் எப்போது வந்தாலும் தொட்டியில் இருப்பதும் ஏட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார் அவர். பேரன் குறுக்கிட்டு, தன் சிறிய 225 லிட்டர் பிரெஞ்சுப் பீப்பாய்களைப் பற்றித் தொடங்கினான். பெரிய ஸ்லவோனிய ஓக் பீப்பாய்களைத் தவிர வேறெதையும் மதிக்காத தாத்தா, ரொட்டியைப் பிய்ப்பதில் கவனமானார். சிறிய பீப்பாயா பெரிய பீப்பாயா என்ற வாதம் அந்தக் குன்றுகளில் எத்தனையோ வீடுகளில் நடந்து ஓய்ந்தது. இந்த வீட்டில் மட்டும் ஓயவில்லை.

அடுத்த ஆண்டும் போனேன். மரத்தின் வழியே ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்டப் பீப்பாய்களை மேலே வரை நிரப்பும் வேலையை என்னிடம் விட்டார்கள். ஒருநாள் ஏணியில் நின்றபடி சாய்த்ததில் பரோலோ கொஞ்சம் வழிந்துவிட்டது. குடுவையில் மீந்ததை அளந்து பார்த்துவிட்டு, மேலே போய், மகளிடம் அரை லிட்டர் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே அதைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார்.