விட்டுடுங்கப்பா

டப்பிங் தியேட்டருக்குள் வந்ததும், நடிகைகளுக்குக் குரல் கொடுக்கும் அந்த அக்கா முதலில் வளையல்களைக் கழற்றுவார். அப்புறம் கைக்கடிகாரம். கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டி வரவே மாட்டார். கையை லேசாக ஆட்டினால்கூட அது சரசரக்கும், மைக் அதையும் எடுத்துக்கொள்ளும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர், ஒரு சின்ன டப்பாவில் பனங்கற்கண்டு. ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வார். இன்னொரு காது தன் குரலைக் கேட்பதற்கு.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் உதவி இயக்குநராகச் சேர்ந்தபோது டப்பிங்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சாலிகிராமத்தில் ஒரு சின்ன தியேட்டர். படப்பிடிப்பில் பதிவான பைலட் ட்ராக்கைக் கேட்டு, நடிகர்கள் உண்மையில் என்ன பேசினார்கள் என்று தாளில் எழுதி வைப்பதுதான் என் வேலை. எழுதின வசனம் ஒன்று, செட்டில் பேசினது இன்னொன்று என்பது அப்போதுதான் புரிந்தது.

எனக்கு முந்தைய ஆட்கள் லூப் காலத்துக் கதைகளைச் சொல்வார்கள். ஃபிலிமைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி, ப்ரொஜெக்டரில் திரும்பத் திரும்ப ஓட விடுவார்களாம். காட்சியில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் ஒரே மைக் முன்னால் நிற்க வேண்டும். ஒருவர் தடுக்கினால் எல்லோரும் முதலிலிருந்து பேச வேண்டும். கம்ப்யூட்டர் வந்ததும் அந்தச் சிரமம் போய்விட்டது. இப்போது அப்பா காலையில் வந்து பேசிவிட்டுப் போகிறார், மகள் மறுநாள் வந்து அழுகிறாள். வேலை சுலபமாகிவிட்டது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுகிற அந்தச் சூடு போய்விட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்தப் படத்தின் கதாநாயகிக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு அக்காதான் குரல். உதட்டசைவுக்கு வசனம் பொருத்துவதில் பெரிய தொல்லை ப, ம இரண்டும்தான். மற்ற எழுத்துகளில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் கண் மன்னித்துவிடும். உதடு ஒட்டுகிற இடத்தில் ஒட்டாத எழுத்து வந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். உதடு ஒட்டாமலே பாடுவதற்கு நிரோட்டகம் என்று ஒரு பாவகையே வைத்திருந்த மொழி நம்முடையது. எங்களுக்கு வேண்டியிருந்ததோ நேர்மாறு.

மகள் வீட்டைவிட்டுக் கிளம்பும் காட்சி. வாசலில் அப்பா மறிக்கிறார். வசனம் ‘என்னை விட்டுடுங்க’. திரையிலோ கடைசியில் அந்தப் பெண்ணின் உதடு ஒருமுறை ஒட்டி, பிறகு வாய் திறந்தே நிற்கிறது. செட்டில் என்ன சொன்னாரோ! ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். எதுவும் உட்காரவில்லை.

அக்கா அந்த இடத்தை இரண்டு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். “தம்பி, கடைசியில ஒரு ‘ப்பா’ சேர்த்துக்கவா?” என்றார்.

“என்னை விட்டுடுங்கப்பா.”

உதடு ஒட்டியது, திறந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அந்தப் பெண் படம் முழுக்கக் கோபத்தில் அவரை ‘அப்பா’ என்று கூப்பிடாமலே இருந்தவள். உதட்டுக்காகச் சேர்த்த ஒரே ஒரு ‘ப்பா’ அந்தக் கோபத்தையெல்லாம் உடைத்துவிட்டது. இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றார். ஓகே சொல்லக்கூட மறந்துவிட்டார்.

வசனம் முடிந்ததும் அக்கா ரியாக்‌ஷன்களைத் தனியாகக் கொடுப்பார். விம்மல், எச்சில் விழுங்குவது, பேச வாயெடுத்து நிறுத்துவது எல்லாம். “கத்துறதெல்லாம் கடைசியில வைப்பா, தொண்டை போயிடும்” என்பார். அழும்போது ஒரு கை அடிவயிற்றை அழுத்திக்கொண்டிருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியாது. அழுகை முழுக்க அந்தக் கைக்கு அடியிலிருந்து வரும். நடிப்பு என்றால் முகம் என்று நினைத்துக்கொண்டு சினிமாவுக்கு வந்தவன் நான்.

இந்தக் கண்ணாடி அறையிலிருந்து திரைக்குப் போனவர்கள் உண்டு. ‘அமராவதி’யில் அஜித்துக்கும், ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர் விக்ரம். 1999-இல் ‘சேது’ வரும்வரை எத்தனை வருஷக் காத்திருப்பு! எம்.எஸ். பாஸ்கர் பல காலம் குரல் கலைஞராக இருந்தவர். ‘பார்க்கிங்’ படத்துக்காக 2025-இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது எங்கள் வட்டாரத்தில் ஒவ்வொருவரும் சொந்த அண்ணனுக்குக் கிடைத்த மாதிரி பேசிக்கொண்டோம். ‘பம்பாய்’ படத்தில் மனிஷா கொய்ராலாவுக்குப் பேசிய ரோகிணி போல, நடிகையாகவே பெயர் பெற்றவர்களும் இங்கே வந்து நின்றிருக்கிறார்கள். அக்கா திரைக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று அவர் சொல்லிக் கேட்டதும் இல்லை.

டைட்டிலுக்கான பெயர்ப் பட்டியலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அக்காவின் பெயர் மூன்றாவதாக இருந்தது. முதல் நாள் காட்சியில் பார்க்கிறேன், அந்த வரியே இல்லை. இடம் போதவில்லை என்றார்கள் தயாரிப்புத் தரப்பில். என்னால் தாங்க முடியவில்லை. அக்காவிடம் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “நீ எழுதினேல்ல, அது போதும்பா” என்றார். அது போதாது என்று எனக்கு அப்போதும் தெரியும். பிறகு நான் வேலை செய்த ஒவ்வொரு படத்திலும் டைட்டில் ஃபைனல் ஆகும் நாளில் போய் உட்கார்ந்து, குரல் கொடுத்தவர்களின் பெயர்களை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

போன தீபாவளிக்கு ஊரில் இருந்தேன். டிவியில் அந்தப் படம் ஓடியது. வாசல் காட்சி வந்தது. ‘விட்டுடுங்கப்பா’ என்ற இடத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னமா அழறா இந்தப் பொண்ணு” என்றார். அது அந்தப் பெண்ணின் குரல் இல்லை என்று சொல்லி, அக்காவின் பெயரைச் சொன்னேன்.

அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, “என்ன பேரு சொன்னே? இன்னொரு தடவை சொல்லு” என்றார்.