மூச்சுத் திணறி மீண்ட அப்பாவுடன் ஊட்டிக்குப் போய் வந்தோம்

2020 ஜூலைக் கடைசியில் அப்பாவுக்குக் கொரோனா வந்தது. நுரையீரலில் 35 சதவீதம் பாதிப்பு என்று சிடி ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், அதில் ஐந்து நாள் ஆக்சிஜனோடு. தேறி வந்த பிறகு, அக்டோபரில் ஆயுத பூஜை விடுமுறை நெருங்கிய சமயம், "ஒருக்கா ஊட்டிக்குப் போயிட்டு வரலாமா கண்ணு?" என்று அவரே கேட்டார். கல்யாணமான புதிதில் அம்மாவை அழைத்துப் போன ஊர். முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. சரி என்று சொல்லவும் பயமாக இருந்தது.

முதலில் அவருக்கு வைத்தியம் பார்த்த நெஞ்சக மருத்துவரிடம் போனோம். வராந்தாவில் அப்பாவை ஆறு நிமிடம் நடக்கவைத்து, முன்னும் பின்னும் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிக் காட்டும் ஆக்சிமீட்டரில் பார்த்தார். நடப்பதற்கு முன் 97, நடந்த பின் 95. போகலாம் என்றார். கூடவே அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் குறைவு. நோய் வராதவர்களுக்கே அந்த எண் இரண்டு மூன்று இறங்குமாம்.

"இங்கே நம்ம ஈரோட்டில் 93 காட்டினால் எனக்குப் போன் பண்ணுங்க. ஊட்டியில் உட்கார்ந்திருக்கும்போது 93 காட்டினால் பயப்பட வேண்டாம். ஆனா 90-க்குக் கீழே போய் அங்கேயே நின்றாலோ, பேசும்போது மூச்சு வாங்கினாலோ, யோசிக்காம மலையை விட்டு இறங்கிடுங்க" என்றார். முதல் ராத்திரி குன்னூரில் தங்கிவிட்டு மறுநாள் மேலே போகச் சொன்னார். இது அப்பாவின் உடம்பைப் பார்த்துச் சொன்ன கணக்கு. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் இ-பாஸ், அதாவது கொரோனா சமயத்தில் பயணத்துக்கு இணையத்தில் வாங்கிய அனுமதி. மாவட்டம் விட்டு மாவட்டம் போக செப்டம்பரிலேயே அது வேண்டாம் என்றாகிவிட்டது. நீலகிரிக்குச் சுற்றுலா போக மட்டும் தேவைப்பட்டது. ஆதார், வண்டி எண், தங்கும் இடம் எல்லாம் கேட்டார்கள். தங்குமிட முன்பதிவை நான் இணைக்காததால் முதல் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. சேர்த்து அனுப்பியதும் மறுநாளே கிடைத்தது. மலையில் சிக்னல் போய்விடும் என்பதால் இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன்.

தங்குவதற்குப் பெரிய ஓட்டல் வேண்டாம் என்று, தனி வாசல் உள்ள சிறிய வீடுகளாகத் தேடினேன். போனில் மூன்று கேள்விதான் கேட்டேன். முந்தின நாள் அங்கே யாராவது தங்குகிறார்களா? ஜன்னல்கள் திறக்க வருமா? சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவீர்களா? இரண்டாவது கேள்விக்குத் தயங்கிய இடங்களை விட்டுவிட்டேன். குளிருக்குப் பயந்து அடைத்தே வைத்திருக்கும் அறையில் அப்பாவைப் படுக்கவைக்க எனக்கு இஷ்டமில்லை.

மலை ரயில் அப்போது ஓடவில்லை, அந்த டிசம்பர் 31-இல்தான் மறுபடி தொடங்கினார்கள். அதனால் எங்கள் காரிலேயே பெருந்துறை, அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போனோம். ஏசி போடவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தோம். கட்டுச்சோறு வீட்டிலிருந்தே எடுத்துப் போனோம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் தண்ணீருக்கு எவர்சில்வர் தூக்கு. பர்லியாறு சோதனைச் சாவடியில் பாஸைப் பார்த்து, நெற்றியில் வெப்பம் பார்த்து அனுப்பினார்கள்.

குன்னூரில் 95 காட்டியது. மறுநாள் மதியம் ஊட்டி. சாயங்காலம் வாசலில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்த அப்பாவின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். 86.

என் கை நடுங்கிவிட்டது. கார் சாவியை எடுக்க உள்ளே ஓடினேன். "எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு, நல்லாத்தான இருக்கேன்" என்றார். குரலில் திணறல் இல்லை. மருத்துவரைப் போனில் பிடித்தேன். "விரல் சில்லுனு இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். தொட்டுப் பார்த்தேன், பனிக்கட்டி மாதிரி இருந்தது. குளிரில் விரல் நுனிக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் கருவி சரியாகப் படிக்காதாம். அம்மா சுடச்சுடத் தேநீர் போட்டுக் கொடுக்க, அப்பா டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். நான் விரல்களைத் தேய்த்துவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்து மாட்டியபோது எண் முதலில் தடுமாறி, 91 காட்டி, 93-இல் நின்றது. அசையாமல் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தோம். அதற்குப் பிறகு கையைச் சூடாக்காமல் ஒரு தடவையும் பார்க்கவில்லை. நேரம், எண், நாடித் துடிப்பு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். ஒரே ஓர் எண்ணைப் பார்த்தால் பயம்தான் வரும், வரிசையாகப் பார்த்தால்தான் நிலைமை புரியும்.

மறுநாள் தாவரவியல் பூங்கா திறந்ததுமே உள்ளே போய்விட்டோம். கூட்டமே இல்லை. சரிவில் ஏறாமல், கீழ்ப் புல்வெளி ஓரத்திலேயே நடந்தோம். ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று, எங்கள் பக்கம் யாரும் இல்லாதபோது முகக்கவசத்தை இறக்கி மூச்சு வாங்கிக்கொண்டார். தொட்டபெட்டா இன்னும் நானூறு மீட்டர் உயரம் என்பதால் அதைத் திட்டத்திலேயே சேர்க்கவில்லை. கடைத்தெருவில் நான் மட்டும் இறங்கி வர்க்கி வாங்கி வந்தேன்.

கோத்தகிரி வழியாக இறங்கி, மேட்டுப்பாளையத்தில் ஒரு புளியமர நிழலில் வண்டியை நிறுத்தி மாட்டிப் பார்த்தால் 97.

ஊர் திரும்பியதும் நேராக அம்மாயி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அம்மாயிக்கு எண்பத்திரண்டு வயது. வர்க்கிப் பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, வாசலிலிருந்தே பேசிவிட்டு வந்தோம். எங்கள் நால்வரில் யாருக்கும் காய்ச்சல், தொண்டை வலி இல்லை என்று உறுதியாகி, பதினோராம் நாள்தான் உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம்.